அடி விழும் அசை

பக்கவாதம் வந்து பேச்சு அடியோடு நின்றுபோன பிறகு என் வாயிலிருந்து முதன்முதலாக வெளியே வந்த ஒலி ‘ஃபோ’. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என் கணவருக்கு அது ‘போ’ என்று கேட்டது. கிழமைக்கணக்காக ஒரு சொல்லும் சொல்லாமல் கிடந்த மனுசி வாயைத் திறந்ததும் தன்னைப் போகச் சொல்கிறாள் என்று நினைத்து, முகம் கறுத்து, வார்ட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நான் அவரைப் போகச் சொல்லவில்லை. அது ஐந்து அசை உள்ள ஓர் ஆங்கிலச் சொல்லின் இரண்டாவது அசை.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் நான். வீடு முள்ளியவளையில். அவர் வயல் செய்கிறவர். எங்களுக்கு ஒரே மகள், அவளுக்குக் கொழும்பில் வேலை. அன்று காலை பள்ளிக்கூடத்துக்கு உடுக்கிற சேலையை அயன் பண்ணிக்கொண்டு நின்றேன். வலது கையில் பிடித்திருந்த அயன்பெட்டி திடீரென்று கனத்தது. பிறகு அது கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சேலை கருகும் மணம் வந்தது. “இஞ்சேருங்கோ” என்று கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சொல் வரவில்லை. மணத்தைப் பிடித்துக் கொண்டு அவர் ஓடி வந்தபோது நான் நிலத்தில் கிடந்தேன். அவர் முதலில் பிளக்கைக் கழற்றினார், அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்கினார். செய்யவேண்டிய ஒழுங்கு அதுதான். ஆனாலும் பேச்சு வந்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லியே மனிதரை வதைத்திருக்கிறேன்.

அம்புலன்ஸில் ஏற்றிக் கடைசியில் வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். நாட்கள் போக வலது காலும், அதற்குப் பிறகு கையும் மெல்ல அசையத் தொடங்கின. பேச்சு மட்டும் வரவில்லை. ஆனால் எனக்கு எல்லாம் விளங்கியது. தாதிமார் தங்களுக்குள் கதைத்த கதை, பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் போனில் சண்டை பிடித்தது, கணவர் வெளியே நின்று மகளுக்குச் சொன்னது, எல்லாம். எனக்கு விளங்குகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

பேச்சுச் சிகிச்சைக்கென்று ஒரு பிள்ளை வருவாள். சிங்களப் பிள்ளை. மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். படம் போட்ட அட்டைகளைக் காட்டி, கற்றுக்கொண்ட கொஞ்சத் தமிழில் கேட்பாள். “அம்மா, இது என்ன?” தேங்காய். அது தேங்காய் என்று எனக்குத் தெரியும். உரிக்கும்போது வரும் மணம்கூட மூக்குக்குள் வந்தது. சொல்தான் வரவில்லை. நாய், கதவு, குடை. தலையை ஆட்டுவேன். அவளும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுப்பாள்.

ஒரு காலையில் பெரிய டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கட்டிலடியில் நின்று, முன்னேற்றம் ஏதும் உண்டா என்று அந்தப் பிள்ளையை ஆங்கிலத்தில் கேட்டார். அவள் “அன்ஃபோச்சுனேட்லி” என்று தொடங்கினாள். துரதிர்ஷ்டவசமாக இல்லை, சொல்வது விளங்குகிறதா என்பதும் சந்தேகம்தான் என்றாள். நான் அவர்களுக்கு முன்னால் கிடக்கிறேன். என் சீவியமே அந்தப் பாஷை. அதைப் படிப்பித்துச் சம்பளம் எடுத்து வீடு கட்டியிருக்கிறேன். அந்தப் பாஷையிலேயே எனக்கு விளங்காது என்கிறார்கள். வந்த கோபத்தில் என் இடது கை தானாக எழும்பிக் கட்டில் இரும்பில் அடித்தது. ஐந்து அடி. அன். ஃபோ. ச்சு. நேட். லி. இரண்டாவது அடி மற்றவற்றைவிடப் பலமாக விழுந்தது. அந்த அடியோடு சேர்ந்துதான் வாயிலிருந்து அது வெளியே வந்தது. “ஃபோ.”

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிள்ளை போகவில்லை. என் கையைப் பார்த்தாள். அந்தச் சொல்லைத் திரும்ப, மெதுவாகச் சொன்னாள். கை திரும்பவும் ஐந்து தரம் தட்டியது. “ஃபோ.” கட்டிலில் தொங்கிய அட்டையில் என் தொழிலை அப்போதுதான் வாசித்தாள் போலிருக்கிறது. கண் விரிந்தது. வெளியே ஓடிப்போய்க் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “ஐயா, வாங்க. போ இல்ல. இங்கிலீஷ்!” என்றாள்.

தேங்காய் வராமல் அவ்வளவு நீளச் சொல் ஏன் வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். பேச்சும் தாளமும் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை, பேச்சு அடிபட்ட சிலருக்குத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். சிலருக்குத்தான், உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எனக்கு என்னுடைய விளக்கமும் ஒன்று உண்டு.

தமிழை நான் படிக்கவில்லை. அது முழுசாகக் காதுக்குள் வந்து விழுந்தது. ஆங்கிலத்தை அப்படி எனக்கு ஒருவரும் தரவில்லை. நான் படித்த காலத்தில் வன்னிக்குள் கரண்ட் இல்லை. சண்டைக் காலத் தடையில் ரேடியோவுக்குப் பற்றரிகூட வராது. ஆங்கிலம் பேசுகிற ஒரு மனிதரின் குரலை வளர்ந்து பெரியவளாகும்வரை நான் கேட்டதில்லை. இருந்தது மட்டை போன ஓர் அகராதி. இடம்பெயர்ந்த இடமெல்லாம் உடுப்புப் பைக்குள் அதுவும் வந்தது. அதில் ஒவ்வொரு சொல்லையும் புள்ளி வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஏதோ ஒரு துண்டுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கீறு இருக்கும். அந்தத் துண்டில்தான் அடி விழும்.

அந்தக் கீறு எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. நேரசை, நிரையசை என்று செய்யுளைப் பிரிக்கத் தமிழ் வாத்தியார் காட்டித் தந்திருந்தார். பகுதி, விகுதி என்று சொல்லை உடைக்கவும் தெரியும். ஆனால் தமிழில் ஒவ்வோர் அசையும் தன் பங்கைக் குறையாமல் வாங்கிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஓர் அசை நிமிர்ந்து நிற்கும், மற்றவை சுருங்கி அதன் காலடியில் கிடக்கும். அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் அடி முதல் அசையில். அதே படத்தை எடுக்கிறவர் ‘ஃபொட்டொகிரஃபர்’ என்றால் அடி இரண்டாவதுக்குத் தாவிவிடும். ‘ஷன்’ என்று முடிகிற சொல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு முந்திய அசையில் அடிக்கலாம். எடியுகேஷனில் ‘கே’. எக்ஸாமினேஷனில் ‘னே’. தண்ணி அள்ளப் போகிற வழியெல்லாம் வெறுங்குடத்தில் தட்டிச் சொல்லிக்கொண்டு போவேன். வழியில் கண்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தார்கள்.

பிறகு ஆசிரியையானபோது பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தேன். எழுத்து எழுத்தாகப் பாடமாக்க வேண்டாம், வெட்டு, எங்கே அடி என்று பார், முன்னொட்டையும் பின்னொட்டையும் கழற்றி உள்ளே இருக்கிற சொல்லைப் பிடி. மேசையில் தட்டித்தான் பாடம் நடக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர், “உங்கடை பாடமோ மேளக் கச்சேரியோ?” என்று கேட்பார். கொழும்பிலிருந்து கருத்தரங்கு நடத்த வந்த ஒருவர், எனது உச்சரிப்பு அகராதி உச்சரிப்பு என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தார். ஓம், அகராதிதான். எங்களுக்கு வேறு ஆர் வந்து சொல்லித் தந்தவை? அன்று அவருக்கு இதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆகவே என் விளக்கம் இதுதான். முழுசாக வந்தது முழுசாகப் போய்விட்டது. துண்டு துண்டாக நானே பொருத்தியதை, உடைந்த பிறகும் பொருத்தத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யவேண்டிய பயிற்சியைப் பிள்ளை கணவருக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். என் இடது உள்ளங்கையில் அவர் அசை அசையாகத் தட்டவேண்டும், அடி விழுகிற இடத்தில் குரலையும் தூக்கவேண்டும், நான் கூடச் சொல்லவேண்டும். ஆங்கிலம் தெரியாத மனிதர் அவர். மகள் போனில் சொல்லக் கேட்டுக் கேட்டு, சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அடி விழும் அசைக்குக் கீழே கோடு போட்டு வைத்துக்கொண்டார். “எக்ஸ்-பிள-னே-ஷன்.” “டி-டெ-மி-னே-ஷன்.” சொல்லின் கருத்து என்ன என்று ஒருநாளும் கேட்கமாட்டார். “னேயிலையோ அடிக்கிறது?” என்று மட்டும் கேட்பார்.

முதலில் அடி விழுகிற அசை மட்டும் வந்தது. பிறகு அதற்குப் பின்னால் இருப்பது வந்தது. முன்னால் இருப்பதுதான் கடைசியில் வந்தது. ஒருநாள் சமைக்க ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்து, ‘மரக்கறி’ வராமல் “வெஜ்-ட-பிள்” என்று சொல்லிவிட்டேன். அவர் அந்த ஒரு சொல்லைச் சந்தைவரை சொல்லிக்கொண்டே போய், கத்தரிக்காயும் பயிற்றங்காயும் வாங்கிக்கொண்டு வந்தார். முள்ளியவளை முழுக்கக் கதை பரவியது. ரீச்சருக்குத் தமிழ் மறந்துபோச்சாம், இங்கிலீசு மட்டும்தான் வருகுதாம். ஏதோ வெள்ளைக்காரப் பேய் என்று ஒருத்தி சொன்னதாகவும் கேள்வி.

எனக்கு உதவியென்று யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் வந்தார். கணவரின் அக்கா. நல்ல மனுசி, கெட்டிக்காரி. விடிய எழும்பி வீடு வாசல் கூட்டி, சமைத்து, என்னைக் கதிரையில் இருத்தி, கரண்டியால் ஊட்டி, சேலைத் தலைப்பால் வாய் துடைத்துவிடுவார். பார்க்க வருகிறவர்களிடம் என் தலைக்கு மேலால் கதைப்பார். “என்ன செய்யிறது. பாவம், அவளுக்கு இப்ப ஒண்டும் விளங்காது. குழந்தைப்பிள்ளை மாதிரித்தான்.” வந்தவர்கள் குனிந்து, எனக்குக் காது கேட்காது என்ற மாதிரி, “ரீச்சர், என்னைத் தெரியுதோ?” என்று கத்துவார்கள்.

ஒருநாள் மதியம் பக்கத்து வீட்டு மனுசி வந்திருந்தார். மச்சாள் அதே கதையைத் தொடங்கினார். கரண்டி என் வாய்க்குக் கிட்ட வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பொறுப்பில்லாத கதை என்பதை இடது கையால் கதிரைச் சட்டத்தில் தட்டி ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இ-ரெ-ஸ்பொன்-சி-பிள்.”

மச்சாள் வாசலில் நின்ற தன் தம்பியை, என் கணவரை, திரும்பிப் பார்த்தார். “என்னவாம்?”

“இங்கிலீசு,” என்றார் அவர்.

“அது தெரியுது. என்னவாம் எண்டு கேக்கிறன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்குக் கருத்துத் தெரியாவிட்டாலும் அந்த முகத்துக்குக் கருத்துத் தெரியும் அவருக்கு. “நன்றி சொல்லுறாள் போலை,” என்றார்.

நான் மச்சாளின் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். இடது கையால் சோற்றை அள்ளினேன். பாதி மடியில் கொட்டியது. மச்சாள் துடைக்க வந்தார். கையைத் தூக்கி மறித்தேன். கொட்டியதையும் நானே பொறுக்கிச் சாப்பிட்டு முடித்தேன். அதற்குப் பிறகு அவர் ஊட்டவில்லை. மனம் நொந்திருப்பார், தெரியும். ஆனாலும் அன்றைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துத்தான் என்னோடு கதைத்தார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொல் வந்தால் போதுமா? நான் இருப்பது தமிழுக்குள். என் வீட்டு மனிதரோடு வெஜ்டபிள் கதைத்து எத்தனை நாள் வாழ்வது? தமிழையும் அப்படியே வெட்டிப் பார்த்தேன். ‘தண்-ணி.’ தட்டித் தட்டிப் பார்த்தும் வரவில்லை. எல்லா அசையும் ஒரே மட்டமாக இருந்தால் எதைப் பிடித்து ஏறுவது? கடைசியில் தமிழுக்கு இல்லாத அடியை நாங்களே போட்டோம். ‘தண்’ணை மெல்லச் சொல்லி, ‘ணி’யில் ஒரு குத்து. ‘சோ’வில் ஒரு குத்து, ‘று’ சும்மா. எந்த இலக்கணத்திலும் இல்லாத தமிழ். அது வந்தது. முதலில் “தண்-ணீ!” வந்தது. பிறகு “சோ-று”. பிறகு “வே-ணாம்!”. அந்த மூன்றாவது வந்த அன்று ‘வேணாம்’ என்பதை நான் எத்தனை தரம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வேண்டியதற்கும் வேணாம் சொன்னேன்.

கணவர் சிரித்தார். “நீ கதைக்கிறது வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிற மாதிரிக் கிடக்கு.”

“கி-டக்-கட்-டும்,” என்றேன்.

அந்த நாட்களில்தான் அதிபர் வீட்டுக்கு வந்தார். ஒரு பை அப்பிளோடு வந்து கதிரை நுனியில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. “ரீச்சர், நீங்கள் இவ்வளவு காலம் செய்தது காணும்,” என்று தொடங்கினார். “மருத்துவக் காரணத்தைக் காட்டி ஓய்வு எடுத்தா பென்சன் ஒழுங்கா வரும். உங்கடை இடம் காலியானாத்தான் கல்விக் கந்தோரிலை புது ஆளைக் கேக்கலாம். பிள்ளையளையும் நினைக்கவேணுமெல்லே.”

பிள்ளைகளை நினைக்கச் சொல்லி எனக்கே சொன்னார். நான் கதிரைக் கையில் தட்டினேன்.

“நான். வ-ரு-வன்.”

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கணவரைப் பார்த்தார். கணவர், “என்னைப் பாக்காதேங்கோ சேர். கதைக்கிறது அவள்,” என்றார்.

நான் திரும்பச் சொன்னேன். அதிபர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மருத்துவர் குழு பார்த்துத் தகுதி என்று சொன்னால் தனக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டு எழும்பினார். சொல்லமாட்டார்கள் என்று அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது.

குழுவுக்கு முன்னால் போகும்வரை பயிற்சிதான். காலபோக நெற்செய்கை தொடங்கியிருந்தது. வயலை விட்டுவிட்டு அவர் வீட்டில் இருக்க முடியாது. அதனால் என்னையும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வரம்பில் ஒரு கதிரை போட்டு இருத்திவிடுவார். அவர் மண்வெட்டியோடு தண்ணி கட்டுவார். நான் சொல்லைச் சொல்வேன். அவர் வயலுக்குள்ளிருந்து அதைத் திரும்பச் சொல்வார், அடி விழுகிற அசையில் மண்வெட்டி மண்ணில் இறங்கும். தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்து. பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்று கேட்டார், “என்னண்ணை, உங்கடை வயலிலை இங்கிலீசிலையோ நெல்லு விளையுது?” அவருக்கு நான்தான் பதில் சொன்னேன். “ஓம். நல்-லா. வி-ளை-யுது.” என்னிடமிருந்து பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு போனார். பிறகு சில நாட்களில் அவர் வயலிலிருந்தும் “கொ-மியூ-னி-கே-ஷன்” என்று சத்தம் கேட்கும். பகிடிக்குத்தான். ஆனால் அடி சரியான இடத்தில்தான் விழுந்தது.

குழுவில் மூன்று டொக்டர்மார் இருந்தார்கள். பெரிய மேசை. அதற்கு இந்தப் பக்கம் எனக்கும் கணவருக்கும் கதிரை. நடுவில் இருந்தவர் கணவரைப் பார்த்து, “அவவுக்குத் தன்ரை பேர் சொல்ல ஏலுமோ?” என்று கேட்டார்.

கணவர் வாய் திறக்கவில்லை. வரும் வழியிலேயே நாங்கள் பேசிவைத்த விசயம் அது.

“என்-னைக். கே-ளுங்-கோ,” என்றேன்.

டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பினார். “சரி. மன்னிக்கவேணும். உங்கடை பேர் என்ன?”

உலகத்திலேயே எனக்குக் கஷ்டமான சொல் அது. பிறந்ததிலிருந்து மற்றவர்கள் சொன்னதே தவிர நான் அதை எப்போது சொன்னேன்? தொடங்கினேன், நடுவில் நின்றது, திரும்பத் தொடங்கினேன். வந்தது. பிறகு படங்களைக் காட்டினார்கள். சிலவற்றைச் சொன்னேன். கத்தரிக்கோல் வரவே இல்லை. “வெட்-டு-றது” என்றேன். ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

“ரீச்சர், கோவிக்காதேங்கோ,” என்றார் நடுவில் இருந்தவர். “ஒரு வசனத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்தா, வகுப்பிலை எப்பிடிப் படிப்பிப்பியள்?”

“மெல்-லப். ப-டிப்-பிப்-பன்.”

“பிள்ளையள் சிரிப்பினம்.”

“சி-ரிக்-கட்-டும்.”

“சொல்லுறது லேசு. உங்களுக்கு அது பெரிய மனக் கஷ்டமா வரும்.”

அவர் என்னில் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் எனக்கு ஏலாமல் இருந்தது. கேட்காமல் அவர் மேசையிலேயே தட்டத் தொடங்கினேன். நான் தயாராக்கி வைத்திருந்த வசனம் இல்லை அது. அப்போது வந்தது.

“என்-ரை. பேச்-சுத்-தான். வி-ழுந்-தது. பா-டம். வி-ழேல்லை.” மூச்சு வாங்கினேன். “எ-னக்-கு. ஒரு. வ-குப்-புத். தாங்-கோ.”

அவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். ஒருவருக்கு விருப்பமில்லை. ஓரத்தில் இருந்த பெண் டொக்டர், முயற்சி செய்ய விடுவோமே என்றார். கடைசியில் நடுவில் இருந்தவர் சொன்னார், “ஒரு தவணை பாப்பம். குறைஞ்ச பாடங்கள். அதுக்குப் பிறகு திரும்ப வாங்கோ.” வெளியே வந்து கணவர், “உள்ளுக்கை இங்கிலீசிலை என்ன சொன்னவை?” என்று கேட்டார். “விட்-டுப். பாப்-பம். எண்-டு,” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோட்டோரத்தில் தோடம்பழம் விற்கிறவரிடம் போய் விலை கேட்கத் தொடங்கினார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஏழாம் வகுப்பு. நான் “குட். மோ-னிங்” என்று சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசை தொடங்கிவிட்டது. அடக்கப் பார்த்த பிள்ளைகள்தான் கூட நேரம் சிரித்தார்கள். நான் பொறுத்து நின்றேன். சிரிப்பு முடிந்தது. எந்தச் சிரிப்பும் முடியும்.

முன்னால் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள், “ரீச்சர், ஏன் இப்பிடிக் கதைக்கிறியள்?”

நான் மேசையில் தட்டிச் சொன்னேன். “என்-ரை மூ-ளை-யிலை. ஒரு ரத்-தக்-குழாய். அ-டைச்-சது. சொல்-லெல்-லாம். உ-டைஞ்-சு போச்-சு. ஒட்-டு-றன்.”

“நோகுமோ ரீச்சர்?”

“நோ-காது. கோ-வம். வ-ரும்.”

திரும்பவும் சிரித்தார்கள். அந்தமுறை நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு இடது கையால், கோணல்மாணலாக, ஒரு நீளச் சொல்லைப் பலகையில் எழுதினேன். “வெட்-டுங்-கோ,” என்றேன். மேசைகளில் தட்டத் தொடங்கினார்கள்.

எல்லாம் சுகமாகப் போனது என்று சொல்லமாட்டேன். ஒரு தகப்பன் அதிபரிடம் போய், தன் மகளுக்குக் கொன்னை ரீச்சரிடம் ஆங்கிலம் படிக்கிற விதியோ என்று கேட்டிருக்கிறார். அதிபர் அதைப் பாதி மறைத்து என்னிடம் சொன்னார். அந்த மனிதரை வகுப்புக்கு வரச் சொன்னேன். வந்தார். பின்வரிசையில், சின்னக் கதிரையில், முழங்கால் மேசையில் முட்ட இருந்தார். நான் என் பாடத்தைச் செய்தேன். மணி அடித்ததும் எழும்பிப் போனார். முறைப்பாட்டை அவர் திரும்ப எடுக்கவில்லை. மகளையும் வகுப்பிலிருந்து எடுக்கவில்லை. அவள் நல்லாகவும் செய்கிறாளில்லை, மோசமாகவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்.

தவணை முடியத் திரும்பக் குழுவுக்குப் போனேன். பெண் டொக்டர் மட்டும்தான் நிறையக் கேட்டார். அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் நான் தொடர்ந்து படிப்பிக்கலாம் என்று இருந்தது. குறைந்த பாடங்களோடு இன்றைக்கும் படிப்பிக்கிறேன். வலது கை எழுத மறுக்கிறது. போனில் கதைக்க எனக்கு விருப்பமில்லை, அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் லைன் கட் ஆகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். களைத்தால் சொற்கள் இடம் மாறும். மச்சாள் இப்போது கிழமைக்கு ஒருதரம் வீடியோவில் வருவார். என் வாய் அசையும் வரை பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் அவ்வளவு பொறுமையாக இருந்து நான் முன்பு கண்டதில்லை.

போன மாதம் கிளிநொச்சிக்கு ஓர் அலுவலாகப் போய்விட்டுத் தனியாக பஸ்ஸில் வந்தேன். நல்ல சன நெரிசல். கொண்டக்டர் வந்து, “எங்கை அக்கா?” என்றார். நான் இருக்கைக் கம்பியில் கையை வைத்தேன்.

“முள்...”

அவர் அடுத்த ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னைப் பார்த்தார். “கெதியாச் சொல்லுங்கோ அக்கா. முல்லைத்தீவோ?”

தலையை ஆட்டினால் வேலை முடியும். இரண்டு ஊரும் ஒரே வழியில்தான். பக்கத்தில் இருந்த மனுசி இரக்கப்பட்டு, “முள்ளியவளை எண்டு சொல்லுறா போலை. ரிக்கெற்றைக் குடுங்கோ தம்பி,” என்றார். சரியாகத்தான் சொன்னார். நான் கையைத் தூக்கி அந்த மனுசியை மறித்தேன். பின்னால் யாரோ சூள் கொட்டினார்கள். கொண்டக்டர் ரிக்கெற் மெஷினில் விரலை வைத்தபடி நின்றார். நான் கம்பியில் தட்டினேன்.

“முள்-ளி-ய-வ-ளை.”

“முள்ளியவளை,” என்று சொல்லிக்கொண்டு அவர் ரிக்கெற்றைக் கிழித்துத் தந்தார்.